பூவிதழை ஓட்டும் கேமும் பணகுடிக் காற்றும்

கேள்வி: 2 ஜூன் 2024

ஃப்ளவர் என்று ஒரு கேமைப் பற்றி நண்பன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். பூவிதழைக் காற்றில் ஓட்டிக்கொண்டே போக வேண்டுமாம், அவ்வளவுதானாம். எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. இதைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்ய வேண்டுமா? நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் வயலும் குளமும் வந்துவிடும். அதைத் திரையில் பார்க்க என்ன இருக்கிறது? விளையாடியவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, இரவு 10.50

ஐந்தாறு முறை முடித்திருக்கிறேன். வாங்கலாம்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு நகரம். தொட்டியில் இருக்கும் பூவைத் தேர்ந்தெடுத்தால் அது காணும் கனவுக்குள் போய்விடுகிறோம். கண்ணுக்கு எட்டிய தூரம் புல். ஒரே ஒரு இதழ் எழும்பி மிதக்கிறது. அதைத் தள்ளும் காற்று நாம்தான். வழியில் மொட்டுகள் நிற்கும். உரசிக்கொண்டு போனால் மலர்ந்து தன் இதழ் ஒன்றைக் கூடவே அனுப்பும். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, கடைசியில் பெரிய இதழ்க்கூட்டம் நம்மோடு வரும். ஒவ்வொரு பூவைத் தொடும்போதும் ஒரு சுரம் எழும், அது பின்னால் ஓடும் இசையோடு சேர்ந்துகொள்ளும். இசை வின்சென்ட் டயமன்ட்டே. பேச்சு கிடையாது, கதை சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது. ஆறு பூக்கள், ஆறு கனவுகள். பயப்பட ஒன்றுமே இல்லை. ஒரு ராத்திரியில் முடிந்துவிடும்.

செய்தது தட்கேம்கம்பெனி என்ற சின்னக் குழு. வடிவமைத்த ஜெனோவா சென் ஷாங்காயில் வளர்ந்தவர். கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போய், அங்கே சாலைப் பயணத்தில் பசும்புல் குன்றுகளையும் காற்றாலைகளையும் பார்த்த மலைப்பில் இருந்துதான் இது பிறந்தது. 2009 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 3-க்கு டவுன்லோடாக வந்தது. கணினிக்கு 2017-ல் வந்தது.

வண்டி ஓட்டினால் வயல் வருமே என்கிறீர்கள். நான் பணகுடிப் பக்கம். காற்றாலையில் மெயின்டனன்ஸ் வேலை, பதினான்கு வருடம் ஆகிறது. எனக்கு வண்டிகூட வேண்டாம், வாசலைத் திறந்தால் காற்று முகத்தில் அடிக்கும். இத்தனை வருடமும் அந்தக் காற்று எனக்கு ஓர் எண்ணாகத்தான் இருந்தது. வினாடிக்கு ஏழு மீட்டர், ஒன்பது மீட்டர், பதின்மூன்று மீட்டர். இந்தக் கேமை முதல்முறை முடித்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, சாலையோரத்து நெருஞ்சிப் பூ மேல் காற்று எப்படிப் போகிறது என்று பைக்கை நிறுத்திப் பார்த்தேன். கேமுக்குக் கொடுத்த காசு எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

3 ஜூன் 2024, இரவு 11.35

ஒரு திருத்தம். 2017-ல் வந்தது ஐபோனுக்கும் ஐபேடுக்கும். கணினிக்கு 2019 பிப்ரவரி. இரண்டையும் கலந்து எழுதிவிட்டேன். பிளேஸ்டேஷன் 4-க்கு 2013.

9 ஜூன் 2024

"புல் அழகாக இருக்கிறது, சரி. காற்று உண்மையான காற்று மாதிரி இருக்கிறதா? நீங்கள் காற்றாடிக்காரர், சொல்லுங்கள்" என்று ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார். ஒரு வாரமாக இதே யோசனைதான்.

காற்றை யாரும் பார்த்ததில்லை, அது தொட்ட பொருளைத்தான் பார்க்கிறோம். இந்த விஷயத்தில் கேம் மிகச் சரி. இதழ் போகும் பாதையில் புல் பிரிந்து சாய்கிறது, அந்த அலையைப் பார்த்துத்தான் நம் வேகம் நமக்கே தெரிகிறது. எங்கள் பக்கம் அந்த மாதிரிப் புல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ஒரு இரண்டு மாதம் பச்சை தெரியும், அவ்வளவுதான். காற்றைச் சொல்லுவது உடைமரம். பணகுடியிலிருந்து ராதாபுரம் போகும் வழியில் பாருங்கள், குடை மாதிரி விரிய வேண்டிய தலை கிழக்கே சாய்ந்து நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கி மேற்கே இருந்து வரும் மேகாற்று வருடத்தில் நான்கைந்து மாதம் ஒரே பக்கமாகத் தள்ளினால் மரம் வேறு என்ன செய்யும். அசையாத நாளிலும் அந்த மரத்தில் காற்று தெரியும்.

பிசகு ஒன்று உண்டு. கேமில் நாம் நினைத்த பக்கம் காற்று போகிறது. நம் ஊரில் காற்றுக்குத் திசையை வைத்துத்தான் பெயரே: கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதன் குணம். கேமின் காற்றுக்கு ஊர் கிடையாது. விளையாடும்போது இது உறுத்தாது, ஆனால் அண்ணாச்சி கேட்டதால் சொல்கிறேன்.

10 ஜூன் 2024

எதில் விளையாடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பிளேஸ்டேஷனில் கன்ட்ரோலரைக் கையில் வைத்து அப்படியே சாய்த்தால் இதழ் சாய்ந்து போகும், பட்டனை அழுத்தினால் காற்று வீசும். அதுதான் இதற்கென்றே அமைந்த வழி. நான் நண்பன் வீட்டில் அப்படித்தான் முதலில் ஆடினேன். என் லேப்டாப்பில் மவுஸ். பரவாயில்லை, ஆனால் உடம்பு சாயாது. ஹெட்போன் கட்டாயம் போடுங்கள். ஃபேன் சத்தத்தில் பாதிச் சுரம் காணாமல் போகும்.

இதைக் கேம் என்பதா ஓவியம் என்பதா என்று ஒரு வாக்குவாதம் நடக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2013-ல் இதைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. எனக்கு அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் இது பிடித்திருக்கும்.

23 ஜூன் 2024

மூன்றாவது கனவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று ராத்திரி மறுபடி அதை மட்டும் ஆடினேன்.

குன்றுகளுக்கு நடுவே காற்றாடிகள் நிற்கின்றன, இறக்கை அசையாமல். சுற்றியுள்ள பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மலர வைத்தால் அந்தக் காற்றாடி மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றியதும் அடுத்த குன்றுக்கு வழி திறக்கும். முதல்முறை பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நின்ற காற்றாடியைப் பார்த்தால் என் மனசு முதலில் பிரேக்கைத் தேடும், அடுத்தது சென்சார், அடுத்தது கிரிட்டில் மின்சாரம் போய்விட்டதா என்று. இங்கே பூ மலர்ந்தால் சுற்றுமாம்!

நிஜத்தில் ஒரு காற்றாடி வேலை ஆரம்பிக்க வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் காற்று வேண்டும். இருபத்தைந்தைத் தொட்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் உடைந்துபோகும். அது நிற்கும் கோபுரத்தின் உச்சியில் சின்னதாக ஒரு திசைகாட்டி இருக்கும். காற்று எந்தப் பக்கமோ, அதை வைத்துக் காற்றாடி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். இறக்கை முதல் சுற்றுச் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது. பெரிய மாடு எழுந்திருக்கிற மாதிரி எழும், அப்புறம்தான் வேகம். கேமில் அந்த முதல் சுற்றை அப்படியே செய்திருக்கிறார்கள். அதைச் செய்தவர் ஏதாவது ஒரு காற்றாடிக்குக் கீழே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முல்லைக்காட்டில் வந்தன. எங்கள் ஊருக்கு வந்தது நான் பள்ளிக்கூடம் போகும்போது. ஒரு இறக்கையை ஏற்றிக்கொண்டு லாரி ஊருக்குள் திரும்ப முடியாமல் அரை நாள் நின்றது, ஊரே போய்ப் பார்த்தோம். தாத்தாவின் விளையில், அதாவது தோட்டத்தில், ஒரு பகுதி அதற்குப் போனது. அதில் பதினோரு பனை நின்றது. நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் நுங்கு சீசனில் எந்த மரம் யாருக்கு என்று எங்களுக்குள் பங்கு உண்டு. காற்றாடி முதலில் சுற்றிய அன்று தாத்தா திண்ணையில் இருந்தபடியே, "இம்புட்டு நாளும் சும்மா போன காத்துக்கு வேல வந்துட்டு" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, பனைக்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பனையோலைச் சலசலப்பு போய் இறக்கைச் சத்தம் வந்தது. அந்தக் காற்றாடிதான் பிற்பாடு எனக்குச் சோறு போடும் வேலைக்குக் கூட்டிப் போனது.

மூன்றாவது கனவு முடியும்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வருகிறது. இதை ஒரு கேம் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

24 ஜூன் 2024

காற்று கூடினால் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு கூடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அந்தக் கணக்கு சரிதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்காகும். மெஷினின் உச்ச அளவைத் தொட்ட பிறகு அதற்கு மேல் கூடாது. ஆனி, ஆடியில் நாங்கள் தூங்காமல் கிடப்பது இந்த எட்டு மடங்குக்காகத்தான். ஒரு மெஷின் ஒரு ராத்திரி நின்றுவிட்டால் கார்த்திகையில் ஒரு வாரம் ஓட்டினாலும் ஈடாகாது.

14 ஜூலை 2024

முதல் குறிப்பில் "பயப்பட ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஐந்தாவது கனவை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன், அல்லது நினைக்கப் பிடிக்காமல் விட்டிருக்கிறேன்.

நான்காவது கனவு ராத்திரி. விளக்குகளை இதழ்களால் ஏற்றிக்கொண்டே போவோம், அவ்வளவு அழகு. அது முடியும்போது எல்லாம் இருண்டுவிடும். ஐந்தாவதில் வளைந்து முறுக்கிய மின்கோபுரங்கள், தீப்பொறி பறக்கும் கம்பிகள். மேலே பட்டால் இதழ்கள் கருகும். செத்துப்போவதில்லை, ஆட்டம் நிற்பதில்லை, ஆனால் நாம் சேர்த்துக்கொண்டு வந்த நிறமெல்லாம் கருகுவதைப் பார்க்க முடியாது. மனசை ஆற்றத்தான் இதை வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கட்டத்தைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

எனக்கு வருத்தம் வேறு. காற்றாடியை இவ்வளவு ஆசையாகக் காட்டிவிட்டு, கம்பியை மட்டும் பிசாசாகக் காட்டலாமா? மூன்றாவது கனவில் சுற்றிய காற்றாடியின் மின்சாரம் எந்த வழியாக வீட்டுக்குப் போகும்? அந்தக் கம்பி வழியாகத்தானே. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் லைன் வேலை செய்கிறவர்கள். ஆடிக் காற்றில் கம்பத்தில் ஏறி நிற்பவன் கைகளைப் பார்த்தவனுக்கு இது வலிக்கும்.

4 ஆகஸ்ட் 2024

அம்மா நேற்று பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தாள். முதல் கேள்வியே, "என்ன பூய்யா இது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மஞ்சள் பூ, சிவப்புப் பூ, வெள்ளைப் பூ, அவ்வளவுதான். "பேரில்லாத பூவா?" என்றாள். அப்புறம் அவளே சொல்ல ஆரம்பித்தாள்: மஞ்சள் என்றால் ஆவாரை, வெள்ளை என்றால் தும்பை, ஊதா என்றால் கொளுஞ்சி. தரையோடு கிடந்து வெயில் பக்கம் திரும்பினால் நெருஞ்சி. எதுவும் முளைக்காத இடத்தில் எருக்கு. மஞ்சணத்திப் பூவின் வாசம் இதில் வருமா என்று கேட்டாள். சிறுவயதில் கொளுஞ்சியைப் பிடுங்கிக் கட்டி வயலுக்கு உரமாகச் சுமந்ததைச் சொன்னாள், நான் இதுவரை கேட்டதே இல்லை. கேம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இதழ் ஒரே இடத்தில் மிதந்துகொண்டு நின்றது.

ஜூனில் காற்றுக்கு ஊர் இல்லை என்று எழுதினேன் அல்லவா, பூவுக்கும் இல்லை. அதுதான் இந்தக் கேமின் குறை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஆனால் பெயர் எழுதியிருந்தால் அம்மா பேசியிருப்பாளா?

18 ஆகஸ்ட் 2024

பெயர் உள்ள கேம் வேண்டும் என்பவர்களுக்கு ஆல்பா. 2020-ல் வந்தது, அஸ்டூ கேம்ஸ் செய்தது. மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வரும் சிறுமி. கையில் போன். பறவையைப் பார்த்துப் படம் பிடித்தால் அதன் பெயர் பட்டியலில் சேரும். குப்பை பொறுக்கலாம், உடைந்த பாலத்தைச் சரிசெய்யலாம், இயற்கைச் சரணாலயம் இருக்கும் இடத்தில் ஹோட்டல் கட்டப் போகிறவர்களுக்கு எதிராக ஊராரிடம் கையெழுத்து வாங்கலாம். ஒரு டவுன்லோடுக்கு ஒரு மரம் நடுவதாக அதைச் செய்தவர்கள் உறுதியும் கொடுத்திருந்தார்கள்.

அக்கா மகள் இந்த லீவுக்கு வந்திருக்கிறாள், ஒன்பது வயது. மூன்று நாளில் முடித்துவிட்டாள். நேற்று மொட்டைமாடியில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, "மாமா, இது பேரு என்ன? அது பேரு என்ன?" என்று ஒரே கேள்வி. செம்போத்து, கௌதாரி, தேன்சிட்டு வரை சொல்லிவிட்டேன். பருந்து வகையில் மாட்டிக்கொண்டேன்.

13 அக்டோபர் 2024

சீசன் முடிந்தது. இப்போதுதான் எங்களுக்கு ஏறி இறங்கும் வேலை: எண்ணெய் மாற்றுவது, போல்ட் முறுக்குவது, இறக்கை பார்ப்பது.

போன வாரம் ஒரு மெஷினுக்குப் போகும் வழியில், லைனுக்குக் கீழே ஒரு மயில் கிடந்தது. கம்பியில் பட்டிருக்கிறது. தோகை முழுசாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் கருகி. இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன், ஒதுக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இந்த முறை அங்கேயே நின்றுவிட்டேன், ஐந்தாவது கனவின் கருகிய இதழ்கள்தான் கண்ணில் வந்தன.

அன்று ராத்திரி ஐந்தையும் ஆறையும் சேர்த்து ஆடினேன். ஜூலையில் நான் கோபப்பட்டது முழுக்கச் சரியில்லை. கனவு காண்பது தொட்டியில் இருக்கும் பூ. நகரத்து வீட்டு ஜன்னலில் வளர்ந்த அது பார்த்ததெல்லாம் கம்பியும் சுவரும்தான், அதற்குப் பயம் அந்த உருவத்தில்தான் வரும். ஆறாவதில் கறுத்த இரும்பெல்லாம் உடைகிறது, ஆனால் நகரம் அங்கேயே இருக்கிறது. கட்டடங்களுக்கு நிறம் வருகிறது. ஊரை இடித்துப் புல்வெளி ஆக்கு என்று அந்தக் கேம் சொல்லவே இல்லை. லைன்காரர்கள் மேல் குற்றம் சுமத்துகிறது என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

லைன் வேலை பார்க்கும் நண்பனிடம் மயிலைப் பற்றிச் சொன்னேன். பறவைகள் அதிகம் கடக்கும் இடத்தில் கம்பி கண்ணில் படும்படி தகடு மாட்டலாம், வேறு ஊர்களில் செய்கிறார்கள் என்றான். எங்கள் பாதையில் எந்த இடங்களில் மயில் தாழப் பறக்கிறது என்று இருவரும் குறித்துக்கொண்டிருக்கிறோம். எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

17 டிசம்பர் 2024

"இயற்கை என்றால் எப்போதும் சாந்தம் என்று இந்தக் கேம்கள் பொய் சொல்கின்றன" என்று ஒருவர் கடுமையாக எழுதியிருந்தார். இன்றைய தேதியில் அவரோடு என்னால் சண்டை போட முடியாது. போன வருடம் இதே 17, 18 தேதிகளில்தான் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி தன் கரையை மறந்து ஓடியது. அக்கா வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம். இரண்டு நாள் போன் இல்லை, மொட்டைமாடியில் இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் மகள் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பொங்கல் லீவில் இங்கே இருந்தபோது ஒரு ராத்திரி தூறல். எழுந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப்பைத் திறந்து முதல் கனவைப் போட்டுக் கொடுத்தேன். மவுஸைப் பிடித்து மெதுவாக ஒவ்வொரு பூவாகத் தொட்டாள். ஒன்றையும் விடவில்லை, தவறிய பூவுக்குத் திரும்பி வந்தாள். அவள் தொடும் சுரமும் ஓட்டின் மேல் விழும் தூறலும் சேர்ந்து கேட்டன. மழை நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.

இயற்கையைப் பற்றிய முழு உண்மையை இந்தக் கேமில் தேட வேண்டாம். வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைக்கு அன்று முழு உண்மை தேவைப்படவில்லை.

26 ஜனவரி 2025

கேள்வி கேட்ட பாளையங்கோட்டைக்காரர் வாங்கி முடித்துவிட்டாராம். கடைசியில் அதைச் செய்தவர்களின் பெயர்களும் பூக்களாக நிற்பதை, தொட்டால்தான் பெயர் வருவதை, நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறார். நீங்களே பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

இன்று அக்கா மகளைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போனேன். நாங்குநேரிப் பக்கம், 1994-லிருந்து பறவைகள் சரணாலயம், ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். பட்டியலுக்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்த குளம் அது. தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினாலும் விரட்ட மாட்டார்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன். தூரத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம், இமயமலையைத் தாண்டி வருபவை. போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள், பெயரை நோட்டில் எழுதினாள். பதினேழு. பருந்து வகையை அங்கே ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார், கரும்பருந்தையும் செம்பருந்தையும் வாலைப் பார்த்தே பிரித்துவிடலாமாம்.

கரையில் நிற்கும்போது விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்து, "மாமா, காத்து எங்கேருந்து வருது?" என்றாள். கிழக்கே இருந்து, லேசாக. கொண்டல் என்று சொன்னேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது கனவை எடுத்திருக்கிறாள். காற்றாடி எல்லாவற்றையும் அவளே சுற்ற வைக்க வேண்டுமாம், நான் பக்கத்தில் உட்காரக் கூடாதாம். இதை அடுத்த அறையில் இருந்து எழுதுகிறேன். இதுவரை இரண்டு சுற்றிவிட்டது, சத்தம் கேட்கிறது.